சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்

தன்னார்வலர்கள் நடத்தும் ஓவியக் குழுவின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் "எப்போது ஆரம்பித்தீர்கள்?" என்று தொடங்க வேண்டாம். எங்கள் குழுவில் நான் அப்படிக் கேட்டபோது ஐந்து பேர் ஐந்து வருஷத்தைச் சொன்னார்கள். "அறைச் சாவி யாரிடம் இருந்தது?" என்று மாற்றிக் கேட்டதும் மடை திறந்தது போலப் பேசினார்கள். சாவி ஒரு அக்காவிடம் இருந்ததாம். முதலில் வந்து பாய் விரிப்பார். எல்லோரும் போனபின் பிரஷ்களைக் கழுவி, முடியை இறுக்கியிருக்கும் தகரப் பிடிக்குள் தண்ணீர் இறங்காதபடி படுக்கவைத்துவிட்டுப் போவார். எங்கள் அழைப்பிதழ் எதிலும் அவர் பெயர் இல்லை. சம்பளமில்லாத குழு இப்படிப்பட்டவர்களால்தான் நிற்கிறது.

மூத்தவர்களை முதலில் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். தனித்தனியாகப் பேசுங்கள், கூட்டமாக உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுபவரின் ஞாபகமே எல்லோருக்கும் ஞாபகமாகிவிடும். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள்.

போகும்போது பழைய புகைப்படங்கள் கையில் இருக்கட்டும். தேதியில்லாத ஒரு படத்தில், பாதி தீட்டிய சுவர் முன்னால் மாவுக்கட்டோடு ஒரு பையன் நின்றான். அவன் அம்மாவிடம் காட்டினேன். மகனுக்குக் கை முறிந்த வருஷம் அவருக்கு மறக்குமா? அந்தச் சுவரோவியத்தின் வருஷம் அப்படித்தான் கிடைத்தது. கிடைத்த தேதியைப் படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். சிறிய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்.

வண்ணம் வாங்கிய ரசீதுகளை அலட்சியப்படுத்தாதீர்கள். என்ன தீட்டினோம், எவ்வளவு தீட்டினோம் என்பதற்கு அவையே சாட்சி. பில் மெஷினில் வரும் வழவழப்பான சீட்டில் எழுத்து தானே மங்கிவிடும், இன்றே படமெடுங்கள். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த பின்னையும் கழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் 3 பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

சண்டை வந்து பிரிந்ததையும் எழுதுங்கள். இரு தரப்பும் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே அடுத்தடுத்து வையுங்கள்; தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல. அச்சுக்குப் போகுமுன், விலகிப்போனவர்களிடமும் வாசித்துக்காட்டுங்கள். அப்படி விலகிய ஒருவரிடம் நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: குழுவின் ஏணி என்று நான் எழுதியிருந்தது அவர் வீட்டு ஏணி.