நாய்க்குப் பல் துலக்க வாயைத் திறக்கவே வேண்டாம்

கறுப்பன் ஆறு வயது நாட்டு நாய். சென்ற வருடம் அவன் அருகில் வந்து மூச்சுவிட்டாலே வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். 'நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும்' என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கால்நடை மருத்துவர் அவன் உதட்டைத் தூக்கி, மேல் கடைவாய்ப் பல்லில் பழுப்பாக இறுகியிருந்த காறையைக் காட்டினார். மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் செலவு மறுபடி வரக்கூடாது என்றுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் பசை. நம் பற்பசை கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, அத்தனையையும் விழுங்கிவிடும். ஃபுளோரைடும் நுரை தரும் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். சில பசைகளில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிடால் இன்னும் மோசம். அது நாயின் உடலில் இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கலாம். நாய்க்கென்றே கோழிச் சுவையில் பசை விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும். அழுக்கை எடுப்பது பெரும்பாலும் தேய்ப்புதான்.

விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் தடித்த முட்கள் ஈறு ஓரத்தில் இறங்குவதில்லை, விரலும் பல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. சின்னக் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்தான் என் தேர்வு.

இனி நான் சறுக்கிய இடம். முதல் நாளே தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தாடையைப் பிளந்து பிரஷை நுழைத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் பிரஷைக் கண்டாலே கறுப்பன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பற்களின் உட்புறத்தை நாக்கே ஓரளவு வழித்துவிடும். காறை அதிகம் சேர்வது மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்தில். கன்னத்தில் உமிழ்நீர்க் குழாய் திறப்பது அந்த இடத்தில்தான். வாய் மூடியிருக்கும்போதே உதட்டைத் தூக்கினால் அந்தப் பற்கள் தெரியும்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். முதல் நான்கு நாள் பிரஷைக் கண்ணிலேயே காட்டவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன், அவ்வளவுதான். அடுத்த சில நாள் விரலில் பசை தடவி நக்கவிட்டேன். பிறகு ஈரத் துணியை விரலில் சுற்றிக் கடைவாய்ப் பல்லை இரண்டு தேய்ப்பு. பிரஷ் வந்தபோதும் முதலில் அதிலிருந்த பசையை நக்க மட்டுமே விட்டேன். தேய்க்கும்போது கோரைப்பல்லில் தொடங்கிப் பின்னால் போங்கள். முட்களை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பக்கத்துக்கு அரை நிமிடம். அவன் தலையைத் திருப்பும் முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. தினமும் செய்யுங்கள். பல்லில் படியும் பிசுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைத் துலக்கலால் பயனில்லை. இதில் எனக்கும் ஒரு லாபம்: அவன் ஒன்பது மணிக்கு வந்து நிற்பதால், நான் சோம்பலில் விட்டிருந்த இரவுத் துலக்கலும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நமக்கு விதி தலைகீழ். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால்தான் ஃபுளோரைடு பல்லில் தங்கும்.

பின்சேர்க்கை: ஈறில் ரத்தம் கசிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். வீங்கிய ஈறு தொடக்கத்தில் லேசாகக் கசியலாம். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, பல் ஆடினாலோ பிரஷை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இன்னொருவர் இறுகிய காறையை நகவெட்டியால் சுரண்டியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். ஈறுக்கு அடியில் இருக்கும் காறையோ அப்படியே இருக்கும்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகாதா என்பது அடிக்கடி வரும் கேள்வி. கெட்டி எலும்பில் அதே மேல் கடைவாய்ப் பல்தான் பிளக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் நான் கறுப்பனுக்குக் கடிக்கக் கொடுப்பதில்லை.