வாசகசாலைக் கம்ப்யூட்டரில் ஆபாசத் தடை: அளவோடு போடுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்து வாசகசாலைகளில் சிறுவர் கம்ப்யூட்டருக்கு ஆபாசத் தளத் தடை வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தால், எந்தக் கம்ப்யூட்டருக்கு, எந்த வயதுக்கு என்பதை முதலில் மினிட்ஸில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பெரியவர்கள் உட்காரும் கம்ப்யூட்டரிலும் அதே பூட்டு ஏறிவிடும். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2003-ல் நூலகங்களின் தடை மென்பொருளை ஏற்றபோது, பெரியவர் கேட்டால் நூலகர் திறந்துவிடலாம் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. அந்த வாசல் இல்லாத தடை வெறும் தணிக்கைதான்.

ரவுட்டரில் கை வைக்காதீர்கள். அது எல்லோரையும் பாதிக்கும். சிறுவர் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் மட்டும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். இது கிளவுட்ஃப்ளேர் இலவசமாகத் தரும் குடும்பச் சேவை. இணையத்தின் புதிய முகவரி முறையான ஐபிவி6-க்கும் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஐபிவி6-ஐ அப்படியே விட்டால் தடை சில நேரம் வேலை செய்யாமல் போகலாம். பிள்ளைகளுக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் போதும். அட்மின் பாஸ்வேர்ட் நூலகரிடம் இருக்கட்டும். க்ரோமில் 'செக்யூர் டிஎன்எஸ்' (கம்ப்யூட்டரில் போட்ட டிஎன்எஸ்-ஐ விட்டு வேறொன்றைப் பயன்படுத்த விடும் வசதி) இயங்கினால் இத்தனையையும் தாண்டிப் போகலாம். அதை அட்மின் பாலிசி (அட்மின் மட்டுமே மாற்றக்கூடிய விதி) மூலம் அணையுங்கள். வெறுமனே செட்டிங்கில் அணைத்தால் எட்டாம் வகுப்புப் பையன் திரும்பப் போட்டுவிடுவான்.

சொற்களை வைத்துத் தடுக்கும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். முலைப்பால், மார்பகப் புற்றுநோய், குறுந்தொகை, காமத்துப்பால் எல்லாம் அதில் மாட்டும். டிஎன்எஸ் தடைக்கும் ஒரு குறை உண்டு: தளத்தை முழுதாக அடைக்கும், அல்லது முழுதாக விடும், ஒரு பக்கத்தை மட்டும் அடைக்கத் தெரியாது.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து சோதியுங்கள். ஆபாசத் தளம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. மாதவிடாய், கருத்தடை, எச்ஐவி பரிசோதனை, போக்சோ புகார், சைல்டுலைன் 1098 என்ற பிள்ளைகள் உதவி எண்: இவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் தேடி, வரும் தளங்களைத் திறந்து பாருங்கள். தொந்தரவுக்கு ஆளான பிள்ளைக்கு உதவி தேடும் வழியே அடைபட்டால், யாரைக் காக்க இந்தத் தடை?

அடைபட்ட தளத்தைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்டால் எழுத, பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, தள முகவரி, திறந்ததா இல்லையா, இவ்வளவே. கேட்டவர் பெயர் வேண்டாம், பெரியவரிடம் காரணமும் கேட்க வேண்டாம். வயதுக்கு ஆதார் நகல் வாங்காதீர்கள், உறுப்பினர் பதிவேடே போதும். அடையாள அட்டை பார்ப்பதும் ஓராண்டுப் பதிவு வைப்பதும் தொழிலாக நடக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கு மத்திய அரசின் 2011 விதிகள் சொன்னவை.

'நெட்டையே நிறுத்திவிடலாம்' என்று ஒருவர் சொல்வார். எல்லாக் கமிட்டியிலும் அப்படி ஒருவர் உண்டு. பெண்கள் விடுதியில் போனுக்குப் போட்ட கட்டுப்பாடு பற்றிய ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணைய வசதி கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்ன தீர்ப்பின் நகலை அவரிடம் கொடுங்கள்.

திறந்துவிட்ட பிறகும் ஒரு தளம் வரவில்லையா? பெரியவர் கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கே வந்தால் தவறு உங்கள் செட்டிங்கில். அங்கும் வராமல் வேறு கம்பெனி நெட்டில் வந்தால் இணைப்புத் தருபவர் அடைத்திருக்கலாம். 2015-ல் 857 தளங்களை முடக்கச் சொன்ன மத்திய அரசு உத்தரவு அவர்களுக்குத்தான் போனது. அவர்களிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அடைத்தது என்றால் பதில் கிடைப்பது கடினம். அந்தப் பிரிவுக்கான விதிகளே ரகசியம் காக்கச் சொல்கின்றன.