டிசம்பர் குளிருக்கு இலங்கையின் எந்தக் கரை?

டொரண்டோவிலோ லண்டனிலோ குளிரில் விறைத்துப்போய், டிசம்பர் விடுமுறைக்கு இலங்கைக் கடற்கரையில் ஒரு வாரம் சும்மா கிடக்க ஆசைப்படுகிறீர்களா? அறை பதிவு செய்யும் முன், எந்தக் கரை என்று பாருங்கள். படத்தில் நிலாவெளியும் பாசிக்குடாவும் எவ்வளவு அழகாக இருந்தாலும், டிசம்பரில் கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அந்தப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் அருமை.

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கும் தென்மேற்கும்தான் சரி: பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதற்கான காலம். ஆனால் ஓய்வுக்காகவே போகிறீர்கள் என்றால், தினம் ஓர் ஊர் மாற வேண்டாம். உனவட்டுனவில் ஒரே அறை எடுங்கள். பக்கத்திலேயே காலி (Galle) நகரின் கோட்டை. மாலையில் அதன் மதில் மேல் நடப்பது அத்தனை சுகம்.

அப்புறம், குளிரிலிருந்து நேராக வரும் தோல் வெயிலைத் தாங்காது. முதல் இரண்டு நாள் காலை 10 முதல் 3 மணி வரை நிழலிலேயே இருங்கள். தடித்த குளிர்கோட்டை மட்டும் கைப்பையில் வையுங்கள், திரும்பி இறங்கும்போது உடனே தேவைப்படும்.