வீட்டிலேயே மின்னூலகம்: கேலிபர் வெப் ஆட்டோமேட்டட் முதல் கேஓரீடர் வரை

மின்னூல்கள் பத்து இருபது இருக்கும்வரை கேபிள் போட்டு இ-ரீடருக்கு மாற்றுவது ஒரு வேலையே இல்லை. நூறைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடும். ஒரே நூல் மூன்று ஃபோல்டரில் கிடக்கும், ஆசிரியர் பெயர் இருக்காது, அட்டை இருக்காது. கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டதும் மீதி எல்லாம் தானாக நடக்கும்படி நான் அமைத்துக்கொண்ட முறை இது. கோபோ இ-ரீடரில் கேஓரீடர் என்ற வாசிப்பு மென்பொருளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கிண்டில்காரர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

தேவையானவை

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் தாராளமாகப் போதும். ராஸ்பெர்ரி பை 4 என்றாலும் சரி, ஆனால் இயங்குதளம் 64 பிட்டாக இருக்க வேண்டும். 32 பிட்டில் கேலிபர் வெப் ஆட்டோமேட்டட் ஓடாது. டாக்கரும் (மென்பொருளைக் கண்டெய்னர் எனும் தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது) டாக்கர் கம்போஸும் (அந்தப் பெட்டியின் அமைப்பை ஒரு கோப்பிலிருந்து படித்து ஓட்டுவது) நிறுவியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மின்னூல்களை நிர்வகிக்கும் கேலிபர் மென்பொருள் பலருக்கும் தெரிந்திருக்கும். 2006இல் சோனி ரீடருக்காகக் கோவித் கோயல் எழுதத் தொடங்கியது. அதன் நூலகத்தை உலாவியில் காட்டுவது கேலிபர் வெப். அதோடு தானாகச் சேர்த்தல், தானாக வடிவம் மாற்றல் எல்லாம் சேர்ந்தது கேலிபர் வெப் ஆட்டோமேட்டட். புதிதாகத் தொடங்குகிறவர் நேராக இந்த மூன்றாவதையே எடுப்பது நல்லது.

படி 1: மூன்று ஃபோல்டர்கள்

அமைப்புக் கோப்புகளுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, புது நூல்களைப் போடும் நுழைவு ஃபோல்டர் ஒன்று. இவற்றை டாக்கரை ஓட்டுவதற்கு முன் உங்கள் கையாலேயே உருவாக்குங்கள். இல்லாத ஃபோல்டரை டாக்கரே உருவாக்கினால் அதன் உரிமையாளர் ரூட் (நிர்வாகிப் பயனர்) ஆகிவிடும், அப்புறம் நீங்கள் கோப்பைப் போட முயன்றால் அனுமதி இல்லை என்று வரும்.

நுழைவு ஃபோல்டரை நூலக ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

படி 2: கம்போஸ் கோப்பு

கேலிபர் வெப் ஆட்டோமேட்டடின் கிட்ஹப் பக்கத்தில் மாதிரிக் கோப்பு இருக்கிறது. அதை எடுத்து, வால்யூம் வரிகளில் கோலனுக்கு இடப்பக்கம் இருக்கும் பாதைகளை மட்டும் உங்கள் ஃபோல்டர்களுக்கு மாற்றுங்கள். வலப்பக்கம் கண்டெய்னருக்குள் இருக்கும் பாதை, அதைத் தொடக்கூடாது. பயனர் எண்ணும் குழு எண்ணும் பெரும்பாலும் 1000தான். நேர மண்டலத்துக்கு உங்கள் ஊருக்குரியதைக் கொடுங்கள். ஓட்டிய பிறகு உலாவியில் கணினியின் ஐபி முகவரியோடு 8083 என்ற போர்ட்டைத் தட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும். முதல் கடவுச்சொல் எல்லோருக்கும் ஒன்றேதான், ஆகவே உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

படி 3: எதை உள்ளே விடுவது

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இந்த அமைப்பு உருப்படியாக ஓடுவதும் ஓடாததும் இங்கேதான் முடிவாகிறது. ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது.

நுழைவு ஃபோல்டரில் போட்ட கோப்பு நூலகத்தில் சேர்ந்ததும் அங்கிருந்து அழிக்கப்படும். எனவே நகலை மட்டும் போடுங்கள். உலாவியின் டவுன்லோட் ஃபோல்டராகவும் அதை வைக்க வேண்டாம், பாதி இறங்கிய கோப்பை அது எடுத்துக்கொள்ளக்கூடும். வேறு இடத்தில் முழுதாக இறக்கி, பிறகு நகர்த்துவதே பாதுகாப்பு.

அடுத்தது பிடிஎஃப். எந்த வடிவத்தில் போட்டாலும் இபப் என்ற பொது மின்னூல் வடிவமாக மாற்றித் தருவது இந்த மென்பொருளின் பெரிய வசதி. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் பிடிஎஃப் திரையில் மட்டும்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மாற்றிய இபப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக அந்தக் குப்பைதான் நிற்கும். ஒரு பிடிஎஃபின் வரியை நகலெடுத்து டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, இல்லையென்றால் அந்த நூலை மாற்ற முயலாதீர்கள். அமைப்புகள் பக்கத்தில் புறக்கணிக்க வேண்டிய வடிவங்கள் பட்டியலில் பிடிஎஃபைச் சேர்த்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இபப்பாகவே தருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் யூனிகோடில் கிடைக்கின்றன. இவ்வளவு பேர் உழைத்துச் சுத்தமாகத் தந்திருக்கும்போது பிடிஎஃபோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆசிரியர் பெயர். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்த பெயர், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்ட பெயர், புள்ளியே இல்லாத பெயர் மூன்றையும் கேலிபர் மூன்று ஆசிரியர்களாக எடுத்துக்கொள்ளும். ஒரு முறையை முடிவு செய்து, நூல் உள்ளே வந்த அன்றே திருத்துங்கள். நான் எப்போதும் புள்ளியும் ஓர் இடைவெளியும் வைக்கிறேன். இணையத்திலிருந்து தானாக விவரம் எடுக்கும் வசதியைத் தமிழ் நூல்களுக்கு நம்ப வேண்டாம். தலைப்பு ஒத்துப்போகிற வேறு எதையோ கொண்டுவந்து ஒட்டிவிடும்.

படி 4: கேஓரீடரை இணைப்பது

கேஓரீடரின் மேல் மெனுவில் பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு, ஓபிடிஎஸ் கேட்டலாக்கை (இ-ரீடர் நேரடியாகப் படிக்கும் நூல் பட்டியல்) திறந்து, புதிய கேட்டலாக் சேருங்கள். முகவரி, உலாவியில் தட்டிய அதே முகவரிதான். கடைசியில் ஒரு சாய்கோடும் ஓபிடிஎஸ் என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் சேர வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் நூலகம் திறக்கும். அண்மையில் சேர்ந்தவை என்ற பட்டியலில் புது நூல் முதலில் நிற்கும். தொட்டால் இறங்கிவிடும்.

கோபோவின் சொந்த ஒத்திசைவையும் கேலிபர் வெப்போடு இணைக்க முடியும். எனக்கு ஓபிடிஎஸ்தான் பிடித்திருக்கிறது. எந்த நூல் கருவிக்கு வர வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கலாம், கோபோவின் அமைப்புக் கோப்பைத் திருத்தவும் வேண்டாம்.

படி 5: தமிழ் எழுத்து

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இறக்கி, கேஓரீடர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். கோபோவில் அது புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது. லினக்ஸில் கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.

அப்புறம் கீழ் மெனுவில் கெர்னிங் என்ற அமைப்பைப் பாருங்கள். அது பெஸ்ட் என்பதில் இருக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு கண்ணுக்கு ககரத்தின் முன்னால் தெரிகிறது, கோப்பிலோ ககரத்துக்குப் பின்னால்தான் பதிவாகியிருக்கிறது. இப்படி இடம் மாற்றிக் காட்டும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் முழுமையாகச் செய்வது இந்த நிலையில்தான். வேகம் வேண்டுமென்று ஃபாஸ்ட் நிலைக்கு மாற்றினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். எழுத்து உடைந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

சில நாள் கழித்துக் கேட்டலாக் திறக்கவில்லை என்று பலர் எழுதினார்கள். கணினியின் ஐபி மாறியிருக்கும். ரௌட்டரில் அந்தக் கணினிக்கு ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இ-ரீடர் விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் பெரும்பாலும் கணினியை எட்டாது.

கேலிபரின் டெஸ்க்டாப் மென்பொருளில் இதே நூலகத்தைத் திறக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்டெய்னரை நிறுத்திவிட்டுத் திறக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தில் எழுதினால் அது கெட்டுப்போக வாய்ப்புண்டு.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓபிடிஎஸ் வேண்டாம். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் இ-ரீடருக்கு அனுப்பும் பொத்தான் இருக்கிறது. மின்னஞ்சல் அமைப்பில் ஜிமெயிலைக் கொடுத்தால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் (ஒரு செயலிக்கென்று கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) எடுத்துக் கொடுங்கள். அந்த ஜிமெயில் முகவரியை அமேசான் கணக்கில் அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் பட்டியலில் சேர்க்கவும் வேண்டும், சேர்க்காவிட்டால் நூல் போய்ச் சேராது. இபப்பாகவே அனுப்புங்கள். மோபி வடிவத்தை அமேசான் இப்போது ஏற்பதில்லை.