சணல் கயிற்றில் கூடை: பசை வேண்டாம், கோணி ஊசி போதும்

பாட்டி வீட்டில் மண்பானை உருளாமல் நிற்க அடியில் பிரிமணை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வைக்கோலையோ கயிற்றையோ வளையமாகச் சுற்றிக் கட்டியது. அதற்கு ஓர் அடியும் சுவரும் வைத்துவிட்டால் கயிற்றுக் கூடை, அவ்வளவுதான். முடைதல், பின்னல் எதுவும் தெரிய வேண்டாம். கயிற்றைச் சுற்றிக்கொண்டே போய் ஒரு சுற்றை முந்தின சுற்றோடு தைக்கத் தெரிந்தால் போதும்.

வீடியோக்களில் பசைத் துப்பாக்கியால் அரைமணி நேரத்தில் ஒட்டி முடிக்கிறார்கள். நானும் அப்படி ஒன்று செய்தேன், வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தது கோடையில் சுற்றுச் சுற்றாக உரிந்து வந்தது. தைத்தால் நேரமாகும், ஆனால் தையல் விட்டால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

என்ன வாங்குவது

முதல் கூடைக்கு 8 மி.மீ. தடிமனில் மூன்று பிரிச் சணல் கயிறு. கொச்சக்கயிறு, அதாவது தேங்காய் நார்க் கயிறு, ஈரத்தையும் தாங்கும், வெங்காயக் கூடைக்கு அதுதான் சரி. ஆனால் நார் விரலைக் குத்தும், ஊசியும் சுலபமாக இறங்காது, ஆகவே இரண்டாவது கூடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பச்சை மட்டையை ஊறவைத்து எடுத்த வெளிர் நாரில் திரித்ததா என்று கேளுங்கள், முற்றின மட்டையின் பழுப்பு நாரைவிட அது மிருதுவாக இருக்கும்.

சணல் என்று சொல்லிப் பிளாஸ்டிக் கலந்ததையும் தருகிறார்கள். ஒரு நூலிழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். சணல் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி மணிபோலத் திரளும்.

எவ்வளவு வேண்டும்? 20 செ.மீ. அகல அடிக்குச் சுமார் 4 மீட்டர் கயிறு போகும். சுவரில் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ., 12 செ.மீ. உயரத்துக்கு 15 சுற்று, அதற்கு ஒன்பதரை மீட்டர். கைப்பிடியும் சேதாரமும் சேர்த்து 16 மீட்டர் வாங்கிவிடுங்கள். தைக்க மெல்லிய சணல் நூல் 40 மீட்டர், ஒரு கோணி ஊசி, கத்தரிக்கோல், ஒரு துண்டு மெழுகுவத்தி. நூலை மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டால் சிக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

கயிறு சுருளிலேயே இருந்து முறுக்கேறியிருக்கும். முதல் நாள் இரவே கொடியில் நீளமாகத் தொங்கவிடுங்கள். சணலை நனைக்க வேண்டாம், சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அடி

கயிற்றின் முனை பிரியாமல் நூலால் நாலு சுற்றுக் கட்டுங்கள். பிறகு நத்தைபோல இறுக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசியை ஒரு பக்கத்தில் குத்தி நடுவழியாக எதிர்ப்பக்கத்தில் எடுங்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி. சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலு திசையிலும் தையல் விழுந்தால் நடு அசையாது.

இனி எல்லாம் ஒரே தையல்தான். புதுச் சுற்றை முந்தின சுற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள், நூலைப் புதுக் கயிற்றின் மேலே கொண்டுபோய், உள்சுற்றில் ஒரே ஒரு பிரியை மட்டும் ஊசியால் கவ்வி இழுங்கள். இரண்டு செ.மீ.க்கு ஒன்று. முழுக் கயிற்றையும் துளைத்தால் கை வலிக்கும், நாலு சுற்றில் விட்டுவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

இங்கேதான் எல்லோரும் தவறுவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தைக்கத் தைக்க மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். அடி ஆப்பச்சட்டி மாதிரி குழிந்தால் கயிற்றை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் நெளிந்தால் தளர விடுகிறீர்கள். இறுக வேண்டியது நூல், கயிறு சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு சுற்றில் கோணல் தெரிந்தால் அப்போதே பிரியுங்கள். “அடுத்த சுற்றில் சரியாகிவிடும்” என்று நான் ஐந்து சுற்றுப் போனேன், அது பழத்தட்டாக ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

சுவர்

அடி 20 செ.மீ. வந்ததும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இங்கிருந்து கயிறு பக்கத்தில் போகாது, கடைசிச் சுற்றின் தலைமேல் ஏறும். நேர் மேலே வைத்தால் சுவர் நிமிர்ந்து வரும், கொஞ்சம் வெளியே தள்ளினால் வாய் விரியும். கண் அளவு வராதவர்கள் அதே அகல எவர்சில்வர் டப்பாவை உள்ளே நிறுத்திக்கொண்டு தைக்கலாம், நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

நூல் தீர்ந்தால் புது நூலை முடிச்சுப் போட்டு இணைத்து, முடிச்சை இரண்டு சுற்றுக்கு நடுவே திணித்துவிடுங்கள்.

கைப்பிடிக்கு, கடைசிக்கு முந்தின சுற்றில் எதிரெதிராக இரண்டு இடத்தில் கயிற்றைத் தைக்காமல் வளைவாகத் தூக்கிவிட்டு மேலே தொடருங்கள். வளைவுக்குள் நாலு விரல் நுழைய வேண்டும். அடுத்த சுற்றை அந்த வளைவின் மேலேயே ஓட்டி இரண்டையும் நெருக்கமாகச் சுற்றித் தைத்தால் பிடி கெட்டி.

முடிப்பு

கயிற்றைச் சட்டென்று வெட்டினால் விளிம்பில் ஒரு படி நிற்கும், அசிங்கமாக இருக்கும். கடைசி 6 செ.மீ.க்கு முறுக்கைப் பிரித்து, மூன்று பிரிகளையும் வேறு வேறு நீளத்தில் வெட்டுங்கள். மறுபடி சேர்த்து முறுக்கினால் எலிவால் மாதிரி கூர்ந்து வரும், அதைக் கீழ்ச் சுற்றோடு நெருக்கித் தைத்துவிடுங்கள்.

அலங்காரம் உங்கள் இஷ்டம். பழைய பட்டுப்புடவைக் கரையைப் பட்டையாகக் கிழித்து மேல் இரண்டு சுற்றில் சுற்றினால் எனக்குப் பிடிக்கும். சோழி கோக்கலாம், சுவருக்கு மட்டும் நிற நூல் போடலாம். துருத்தும் இழைகளைச் சிலர் மெழுகுவத்தியில் காட்டிக் கருக்குவார்கள், சணல் குப்பென்று பிடித்துக்கொள்ளும், அதனால் கத்தரிக்கோலே போதும்.

ரிமோட், செய்தித்தாள், குழந்தையின் பொம்மை எது வேண்டுமானாலும் போடுங்கள், குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். அழுக்கானால் பிரஷ்ஷால் தட்டி வெயிலில் காட்டினால் போதும். மிஞ்சின கயிறு இரண்டு மூன்று சுற்றுக்கு வரும், அதை வளையமாகத் தைத்து பானைக்கு அடியில் வையுங்கள்.