வானிலை மோசமாகும்போது சிறு விமான ஓட்டி செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்து கண்பார்வை விதிகளின்படி (அதாவது, வெளியே பார்த்தே ஓட்டும் முறையில்) சிறு விமானத்தில் பறக்க எண்ணுபவர், மீனம்பாக்கத்தின் தற்போதைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையையும், வரும் மணிநேரங்களின் வானிலையைக் கணிக்கும் டாஃப் முன்னறிவிப்பையும் சேருமிடத்தின் அறிக்கைகளுடன் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கவும். வடகிழக்குப் பருவமழை ஒருபுறமிருக்க, போகியன்று விடியலில் புகையும் பனியும் கலந்து ஓடுபாதையையே மறைத்துவிடுவதுண்டு.

இதையும் மீறி மேகத்துக்குள் சிக்கிவிட்டால், அடிவானம் மறைந்த நிலையில் உட்செவியால் மெதுவான திருப்பத்தை உணர முடியாது என்பதால், சாய்ந்து சுழன்று இறங்கும் விமானம்கூட நேராகச் செல்வதாகவே தோன்றும். 1954-ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியற்ற 20 பேர் செயற்கையாகப் பார்வை மறைக்கப்பட்டுப் பறந்தபோது, ஆபத்தான நிலையை எட்டச் சராசரியாக 178 நொடிகளே ஆயின.

ஆகவே உடலுணர்வை நம்பாமல், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமப்படுத்திய பின், மென்மையாக 180 பாகை திரும்பி, தெளிவாக இருந்த வழியிலேயே வெளியேற வேண்டும். பதற்றத்தில் செங்குத்தாக ஏறவோ, மேகத்துக்கு அடியில் தாழ்ந்து துழாவவோ கூடாது. பின்னதில் பரங்கிமலை போன்ற குன்றுகளும் கோபுரங்களும் காத்திருக்கும். விமானம் நிலைப்பட்டதும், கௌரவம் பார்க்காமல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிடம் உதவி கேட்கவும்.