சிற்றோவியம் பழக: முதலில் கல்லைப் பிடியுங்கள்

என்னிடம் சிற்றோவியம் (மினியேச்சர் ஓவியம்) பழக வருகிற எல்லோரும் முதலில் தூரிகையைத்தான் கேட்கிறார்கள். அது இருக்கட்டும், முதலில் காகித வேலை. முகலாய, ராஜஸ்தானி, பஹாடி (இமயமலை அடிவார) அரசவைகளில் படம் எழுதியது பெரும்பாலும் வஸ்லி என்கிற அட்டையில். கையால் செய்த தாள் மூன்று, நான்கை மைதாப் பசையால் ஒட்டுங்கள். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அரிக்காது. (விஷம் அது, சமையல் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம்.) நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றி, பலகைக்கு அடியில் காயவிடுங்கள். காய்ந்ததும் அகேட் என்கிற வழவழப்பான மெருகுக் கல்லால் தேய்க்க வேண்டும், கை வலிக்கிற வரை. சாய்த்துப் பார்த்தால் எங்கும் ஒரே பளபளப்பு தெரிய வேண்டும். சொரசொரப்பு மிச்சமிருந்தால் அங்கே கோடு பிசிறும்.

நீர்த்த காவியில் உருவத்தைப் போட்டு, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுங்கள். மங்கலாகத் தெரிகிற கோட்டைத் திருத்தி மறுபடி எழுதுங்கள். முதல் படத்துக்கே தர்பார் கூட்டம் வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் ஜஸ்ரோட்டா என்கிற பஹாடி சிற்றரசின் பல்வந்த் சிங்கை வரைந்த ஓவியர் நைன்சுக், பல படங்களில் பின்னணியை வெறுமனே விட்டிருக்கிறார். நமக்கும் ஓர் ஆள் போதும்.

சிவப்புக்கான சாதிலிங்கத்தில் பாதரசம், மஞ்சளுக்கான அரிதாரத்தில் ஆர்சனிக், இரண்டும் விஷம். அந்த இரண்டு நிறங்களையும் கடையில் குவாஷாக (ஒளி ஊடுருவாத நீர்வண்ணமாக) வாங்குங்கள். காவி, அவுரி, விளக்குக்கரியை வீட்டிலேயே கருவேலம் பிசின் நீரில் அரைக்கலாம். பிசின் கூடினால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டும்.

நிறத்தை மெல்லிசாக இரண்டு மூன்று முறை பூசி, நன்றாகக் காய்ந்தபின் படத்தைச் சலவைக்கல்மேல் குப்புறப் போட்டு, முதுகில் கல்லால் தேயுங்கள். நிறம் தாளோடு படிந்து மினுங்கும். இதைச் சோம்பலில் விட்டவர் படம் போஸ்டர் கலர் மாதிரியே இருக்கும், பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

அப்புறம்தான் முகம். தூரிகை அணில் முடியில் கட்டுவது மரபு; கூர்நுனி உள்ள செயற்கை முடித் தூரிகையே நமக்குப் போதும். ஈரத்தை ஒற்றிவிட்டு, நுனியால் பொடிக்கோடுகளை நெருக்கமாக அடுக்குங்கள். பர்தாஸ் என்பது இதுதான். தாடையோரம் நெருக்கம், கன்னத்தில் இடைவெளி. அவசரப்பட்டால் கன்னம் அழுக்காகிவிடும்.

நகைகளுக்குத் தங்கப்பொடியைப் பிசினில் குழைத்துத் தீட்டி, காய்ந்ததும் அகேட் முனையால் மெருகேற்றுங்கள். நகையிலுள்ள முத்து கடைசியில், கெட்டி வெள்ளையில், சற்று மேடாக நிற்கும் புள்ளி. அதன்பின் கல்லைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், முத்து நசுங்கிவிடும்.